பெட்டியின் மேல் இரண்டு விரல்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு சாட்சிக் கடிதமாகத் தொடங்கியது.

"நீங்க பாத்தத ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க வள்ளிக்கா. என்ன நடந்துச்சோ அது மட்டும் போதும். கதையாக்கிடாதீங்க லா" என்று டாக்டர் தங்கமணி கேட்டுக்கொண்டார். சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் அவர் விரிவுரையாளர். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். நானும் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பார்த்ததை அப்படியே எழுதத்தான் முயன்றேன். இரண்டாவது பத்தியிலேயே மழை பெய்தது. அன்றைக்கு மழையே இல்லை.

[மழையை எடுத்துவிட்டேன்.]

ஆகவே நீங்கள் படித்துக்கொண்டிருப்பது உருப்படாமல் போன ஒரு கடிதம். ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை. அஃப்ரின் என்ற மாணவி தேர்ச்சி பெறுவதா, பின்தங்கி இந்தப் பருவத்தை இன்னொரு தடவை முதலிலிருந்து படிப்பதா என்பது இதைப் பொறுத்து இருக்கிறது. அதனால் முடிந்தவரை ஒழுங்காகச் சொல்கிறேன். முடியாத இடத்தில் அடைப்புக்குறி போட்டுக்கொள்கிறேன்.

2

முதலில் என் தொழில். நான் கூலிக்கு நோயாளியாக நடிக்கிறவள்.

(சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

மருத்துவ மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு என்று ஒன்று உண்டு. வரிசையாக அறைகள் இருக்கும். மணி அடித்ததும் மாணவர் ஓர் அறைக்குள் வந்து அங்கே இருக்கும் நோயாளியிடம் பேச வேண்டும். மறுபடி மணி அடித்தால் அடுத்த அறைக்கு ஓட வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் நிஜ நோயாளிகள் அல்லர், என்னைப் போன்றவர்கள். என் சிறப்பு பித்தப்பை வலி. சொந்தப் பித்தப்பையை எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது, இருந்தாலும் அந்த வலியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்ற நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதுவேன். அதில் எனக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடையாது.

இந்த வருடம் டாக்டர் தங்கமணி எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார். நோயாளி வேண்டாம், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக நடியுங்கள் என்றார். மாணவர்களுக்கு அவர் புதிதாக ஒரு பாடம் நடத்துகிறார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் பேனா, சாப்பாடு, மாநாட்டுப் பயணம் என்று நீட்டும்போது டாக்டர் என்ன செய்ய வேண்டும், வாங்கிக்கொண்டால் அதற்குப் பிறகு யாருக்காக மருந்து எழுதுகிறோம் என்பதுதான் பாடம். வேடத்துக்கு உதவும் என்று நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

"எந்த டாக்டரக் கேட்டாலும், மத்தவங்க மனசு மாறும், எனக்கு மாறாதுன்னுதான் சொல்லுவாங்க" என்றார் டாக்டர். "மாறுறது நமக்கே தெரியாது. அதான் பிரச்சினை."

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். தங்களுக்கு மாறாது என்ற முகத்தோடுதான் எழுதிக்கொண்டார்கள்.

3

இங்கே என் தம்பி யுகேந்திரன் வர வேண்டும். அவன் நிஜமாகவே மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. என் வசதிக்காகப் படைத்த பாத்திரம் போலத் தெரியும், எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, எங்கள் அம்மா பெற்றுவிட்டார்.

அவனை அறிமுகப்படுத்த எழுதிய தொடக்கங்கள்:

'ரவாங்கிலிருந்து காலையிலேயே புறப்படும் யுகேந்திரனின் காரின் பின்பக்கத்தைத் திறந்தால்—' [விட்டுவிட்டேன். திறந்தால் உள்ளே இருப்பதையெல்லாம் வர்ணிக்க வேண்டிவரும்.]

'மருந்து விற்கிறவன் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை.' [இது நன்றாக இருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.]

நடந்ததைச் சொல்கிறேன். வேடத்துக்காக அவனிடம் பாடம் கேட்டேன். அவன் சந்தோஷமாக வந்து என் வீட்டு நாற்காலியில் டாக்டர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, என்னை வாசலுக்கு வெளியே போய்த் திரும்பி வரச் சொன்னான். நான் உள்ளே வந்து, "வணக்கம் டாக்டர், எங்க கம்பெனியோட புது மருந்து" என்றேன். தலையில் அடித்துக்கொண்டான்.

"மருந்து பேரயே எடுக்காத அக்கா. மொத தடவ போறப்ப சும்மா போ. அடுத்த தடவ புள்ளைங்க படிப்பப் பத்திக் கேளு. அதுக்கப்புறம் சாப்பாடு கொண்டு போ. டாக்டருக்கு மட்டும் கொண்டு போவாத, மிஸ்ஸிங்களுக்கும் சேத்துக் கொண்டு போ.* டாக்டர் வேணாம்னு சொன்னாலும் மிஸ்ஸிங்க முகத்தப் பாத்து வாங்கிக்குவாரு."

"அப்ப மருந்து?"

"அது தானா வரும் லா."

* எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அடிக்குறிப்பு போடுமளவுக்கு இது முக்கியம் இல்லை. இப்படிப்பட்ட கதைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றார்கள்.

4

தேர்வு நாள். மாணவருக்கு வேடம், அரசாங்க மருத்துவமனையில் பயிற்சி டாக்டர். நான், சாப்பாட்டுப் பெட்டியோடு வரும் கம்பெனிக்காரி. பெட்டியை வைத்துவிட்டு, லங்காவித் தீவில் நடக்கும் மாநாட்டுக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்க வேண்டும். மாணவர் மறுத்து, காரணமும் சொல்ல வேண்டும். மூலையில் தேர்வாளர் மதிப்பெண் போடுவார். அவருடைய தாளில் ஒரு வரிக்கு மட்டும் கட்டம் கட்டியிருந்தது: 'பரிசை ஏற்கவில்லை.' மற்ற வரிகளில் எவ்வளவு அள்ளினாலும் அந்தக் கட்டத்தில் தவறினால் அந்த அறையில் தோல்வி. அந்த அறையில் தோற்றால் அந்தப் பருவம் முழுவதும் மறுபடி.

முதலில் காலிப் பெட்டிதான் கொடுத்தார்கள். காலிப் பெட்டியை ஒருவர் முன்னால் நீட்ட எனக்குக் கை வரவில்லை. நான் முணுமுணுத்ததும் கல்லூரிக் கேண்டீனில் நிஜ பிரியாணியையே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அறை மணத்தது.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே பதிலை ஒப்பித்தார்கள். ஒரு பையன் என் முகத்தையே பார்க்காமல் மறுத்தான். ஒருத்தி பெட்டியிலிருந்து நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு மறுத்தாள். எல்லாருக்கும் முழு மதிப்பெண். எனக்கோ காலையிலிருந்து வாசல் வாசலாகத் துரத்தப்பட்டது போல ஆகிவிட்டது. வேடந்தான் என்றாலும் வலித்தது.

பிறகு அஃப்ரின் வந்தாள். உட்காருவதற்கு முன் என்னை உட்காரச் சொன்னாள். நான் பெட்டியை நகர்த்தியதும் இப்படிச் சொன்னாள். (தேர்வு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவள் தமிழில் பேசியிருந்தால் எப்படிப் பேசியிருப்பாளோ அப்படி எழுதுகிறேன்.)

"இத நான் வாங்கிக்க முடியாதுங்க. உங்க மருந்தப் பத்திச் சொல்லணும்னா ஆஸ்பத்திரி பார்மசிக்கு எழுதி அனுப்புங்க, அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க. உங்க சாப்பாட்டச் சாப்புட்டுட்டு நான் மருந்து எழுதுனா, என் முன்னால உக்காந்திருக்கிற நோயாளிக்கு அது தெரியாதில்ல. உங்களத் தப்பா சொல்லல. வந்ததுக்கு நன்றி."

அன்றைக்கு என்னை மனுஷியாக மதித்துக் கிடைத்த ஒரே மறுப்பு அதுதான். மணி அடித்தது. எழுந்தாள். பெட்டியின் மூடியை இரண்டு விரலால் தொட்டாள். போனாள்.

வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒருவர் கொடுக்கும் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா போகக்கூடாது. தட்டின் ஓரத்தையாவது தொட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் வழியில் ஏதாவது ஆகிவிடும், கெம்புனான் பிடித்துவிடும் என்பார்கள். மலாய்க்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். பக்கத்து வீட்டில் தொட்டுத் தொட்டு நமக்கும் வந்துவிட்டது. அவள் தொட்டதை நானும் பார்த்தேன். வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றுவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை.

மூலையில் இருந்தவர் நினைத்தார்.

5

தேர்வாளர் வேறு நாட்டிலிருந்து வந்தவர். இவரை வில்லனாக்கினால் கதை நன்றாக ஓடும். முதல் பிரதியில் கழுத்தில் ஒரு பட்டுக் குட்டையும் உதட்டில் ஓர் ஏளனமும் கொடுத்திருந்தேன். [இரண்டையும் எடுத்துவிட்டேன். சாதாரணச் சட்டை போட்டிருந்தார். தான் தண்ணீர் குடிக்கும் முன் எனக்கு வேண்டுமா என்று கேட்டார்.]

அவர் தாளில் எழுதியது இது: 'வாய் மறுத்தது. கை பெட்டிக்குப் போனது.' கட்டம் கட்டிய வரியில் தோல்வி.

அஃப்ரின் மேல்முறையீடு செய்தாள். டாக்டர் தங்கமணி அந்த மனிதரிடம் நம் பழக்கத்தை விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இது எனக்குத் தெரியாது, மன்னிக்கவும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். 'அப்படியென்றால் அந்தப் பெட்டியை நீட்டியவரைக் கேளுங்கள். அந்தத் தொடுதல் மறுப்பா, ஏற்பா? அவர் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்' என்றார்.

இப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது. அந்தக் கடிதத்தின் முடிவாக நான் ஒரு சொல் எழுத வேண்டும். மறுப்பு, அல்லது ஏற்பு.

6

இதில் என்ன கஷ்டம், மறுப்பு என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கல்லூரியிலிருந்து சுபாங் ஜெயா ரயில் நிலையத்துக்கு வந்தேன். அங்கே அஃப்ரின் நின்றிருந்தாள். அவளுக்குக் கிள்ளான் போகும் வண்டி, எனக்கு எதிர்த்திசை.

[மாணவரும் சாட்சியும் பேசிக்கொள்ளக் கூடாது. இந்தப் பகுதியைக் கடிதத்தில் சேர்க்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.]

"ஆன்டி, எனக்காக எழுதுங்கன்னு கேக்க வரல."

"கேக்காத."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் தொட்டேனா?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்ல ஆன்டி. அது எங்க பழக்கம்னு அப்பீல்ல எழுதுன்னு டாக்டர் சொன்னாங்க. எழுதிட்டேன். ஆனா அந்த ரூம்ல நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு, கை போனது மட்டும் ஞாபகம் இல்ல."

"தொட்ட. ரெண்டு விரல்."

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "கிள்ளான்ல அத்தா சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்க. வேணாம்னு போற கஸ்டமர்கூட எதையாச்சும் தொட்டுட்டுத்தான் போவாங்க. சின்னதுலேர்ந்து பாத்தது" என்றாள். பிறகு, "அப்ப எனக்குத் தெரியாம இன்னும் என்னென்ன செய்வேன் ஆன்டி?" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். வண்டி வந்தது, ஏறிப் போனாள். எனக்கு அந்தப் பெண் மேல் பாசம் வந்துவிட்டது. நல்ல டாக்டராக வருவாள் என்று தோன்றியது. வராமல் போய்விடுவாளோ என்று பயமாகவும் இருந்தது.

7

யுகேந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தொட்டாளா?" என்று கேட்டான். குரலில் ஓர் ஆர்வம் வந்துவிட்டது. "அப்ப நான் அவள விடமாட்டேன் அக்கா."

"டேய், வேணாம்னு சொல்லிட்டாடா."

"மூஞ்சப் பாக்காம வேணாம்னு சொல்ற டாக்டர்கிட்ட நான் திரும்பப் போறதே இல்ல. டைம் வேஸ்ட். தொட்டுட்டு வேணாம்னு சொல்றவங்க, என் மனசு நோகக் கூடாதுன்னு பாக்குறவங்க. அவங்ககிட்டதான் போய்க்கிட்டே இருப்பேன். என்னைக்காச்சும் ஒரு நாள் எடுத்துக்குவாங்க."

"எல்லாருமா?"

யோசித்தான். "ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நானும் வருஷக்கணக்கா கொண்டு போறேன், அவங்களும் வருஷக்கணக்கா தொட்டுட்டுத் தொட்டுட்டு அனுப்புறாங்க."

"எடுக்கவே இல்லையா?"

"இல்ல. என் பொண்ணு பரீட்சையப் பத்தியெல்லாம் விசாரிப்பாங்க. ரொம்ப நல்ல மனுஷி." பெருமூச்சு விட்டான். "சுத்த வேஸ்ட்டு."

ஆக, என் தம்பியின் கணக்குப்படி அந்த இரண்டு விரல் அவனுக்குத் திறந்த கதவு. ஒரே ஒரு டாக்டரம்மாவைத் தவிர. அஃப்ரின் அந்த ஒருத்தியா, மற்றவர்களில் ஒருத்தியா என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பித்தப்பைக்காரி.

8

கடிதம் நகரவில்லை. அதனால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. மேல்முறையீட்டுக் கூட்டம். மேசையில் தேநீர், ஒரு தட்டில் பலகாரம். அஃப்ரின் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஊழியர் தட்டைக் கூட்டத் தலைவரிடம் நீட்டுகிறார். சர்க்கரை வியாதிக்காரரான தலைவர், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தட்டின் ஓரத்தை விரலால் தொடுகிறார். எல்லாரும் அந்த விரலைப் பார்க்கிறார்கள். தேர்வாளர் பேனாவை எடுத்துத் தோல்வியை அடிக்கிறார்.

[இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்படி ஒரு கூட்டமே இன்னும் நடக்கவில்லை.]

இரண்டாவது முடிவு. சில வருடம் கழித்து. கம்போங் மேடானில் ஒரு கிளினிக். வெளியே பெஞ்சு நிறைய நோயாளிகள். உள்ளே டாக்டர் அஃப்ரின். யுகேந்திரன் கதவைத் தட்டிவிட்டு வருகிறான், தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. மருந்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவளுடைய அத்தாவின் உடம்பைப் பற்றி விசாரிக்கிறான். சூடான பெட்டியை மேசையில் வைக்கிறான். அவள் கை

[தெரியவில்லை.]

9

வியாழக்கிழமை மதியம் துணிந்து எழுதிவிட்டேன். ஒரே வரி: 'அது மறுப்பு. எங்கள் ஊரில் அப்படித்தான் மறுப்போம்.' கையெழுத்து மட்டும் பாக்கி. வாசல் மணி அடித்தது.

வெளியே ஒருவர் நின்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கையில் ஒரு பெட்டி.

"அக்கா, நான் சாதிக். அஃப்ரினோட அத்தா. கதை எழுதுற வள்ளியம்மா வீடு எதுன்னு கீழ கேட்டேன், பூக்காரம்மா காட்டிச்சு."

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

"உள்ள வாங்கன்னு சொல்லக்கூட எனக்குப் பயமா இருக்கு பாய். உங்க பொண்ணு விஷயத்துல நான் சாட்சி."

"பரீட்சையப் பத்திப் பேச வரலக்கா. இன்னிக்கு எங்க அத்தாவோட நினைவு நாள். ஓதி, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் சோறு குடுக்குறோம். ஸ்டேஷன்ல நீங்க அன்பா பேசுனீங்கன்னு புள்ள சொல்லுச்சு. நான் வந்தது அதுக்குத் தெரியாது. வாங்கிக்குங்கக்கா."

பெட்டியை நீட்டினார். அவர் சொன்னதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. ஆனால் யுகேந்திரன் சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஒரு வரியைக்கூட அவர் விடவில்லை. மருந்தின் பேரையே எடுக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசினார், இறந்த தகப்பனைப் பற்றிப் பேசினார், சாப்பாடு கொண்டு வந்திருந்தார். வெயிலில் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். பாடம் படித்த யுகேந்திரனைவிட இந்த மனிதர் எனக்கு ஆபத்தானவராகத் தெரிந்தார். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"வேணாம் பாய்" என்றேன். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் எழுத வேண்டியத எழுதி முடிக்கிற வரைக்கும் உங்க வீட்டுச் சோத்தத் தின்னக் கூடாது. அது உங்க பொண்ணுக்கே கெடுதல். வெள்ளிக்கிழம கழியட்டும், நானே கடைக்கு வந்து உக்காந்து சாப்புடுறேன்."

அவர் முகம் வாடி, பிறகு தெளிந்தது. "நியாயந்தாங்க்கா. எனக்கு இது தோணல" என்றார். நல்ல மனிதர். நானும் நன்றாகத்தான் மறுத்தேன். அஃப்ரின் மாதிரியே மறுத்தேன். கட்டம் கட்டிய வரியில் எனக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மூடியின் மேல் என் இரண்டு விரல்கள் இருந்தன.

கை எப்போது போனது என்று தெரியவில்லை. மூடி சூடாக இருந்தது. அவர் சிரித்தார், மனம் குளிர்ந்த சிரிப்பு. "போதுங்க்கா, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

10

இன்று வெள்ளிக்கிழமை. 'அது மறுப்பு' என்ற வரி மேசையில் இருக்கிறது. நேற்று அதை ஒரு சாட்சி எழுதினாள். இன்று கையெழுத்துப் போட வேண்டியவள், அதே காரியத்தை, அதே மாதிரி தெரியாமல் செய்தவள். அது மறுப்பு என்று நான் எழுதினால் எனக்காகவும் எழுதிக்கொள்கிறேன். ஏற்பு என்று எழுதினால் அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போடுகிறேன்.

கருத்துச் சொல்லும் முன் தனக்கு எங்கெங்கே ஒட்டுறவு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது டாக்டர் தங்கமணியின் பாடம். சொல்லிவிடுகிறேன். அஃப்ரினை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் அத்தா கொண்டு வந்த சோற்றை நான் சாப்பிடவில்லை, ஆனால் அந்த வாசனை இன்னும் வீட்டில் இருக்கிறது. கடைக்கு வந்து சாப்பிடுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தொட்டவர்கள் என்றைக்காவது ஒரு நாள் எடுத்துக்கொள்வார்கள் என்று என் தம்பி சொன்னதையும் மறந்துவிடாதீர்கள். அதே சமயம் சாதிக் பாய் என் தொடுதலை மறுப்பாக எடுத்துக்கொண்டு, பெட்டியோடு நிம்மதியாகத் திரும்பிப் போனார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களிடமும் நான் மருந்தின் பேரை எடுத்துக்கொண்டு வரவில்லை. பித்தப்பையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணைத் தன் கையைத் திருப்பிப் பார்க்க வைத்தேன். வியர்த்த சட்டையோடு ஒரு தகப்பனைப் படியேற்றிக் கொண்டுவந்தேன். உங்கள் மனம் மாறியிருக்காது என்றுதான் நீங்கள் சொல்வீர்கள்.

டாக்டர் தங்கமணி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். நான் எடுக்கவில்லை. கடிதத்தின் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அங்கே இடம் விட்டு வைத்திருக்கிறேன். மறுப்பு, அல்லது ஏற்பு, ஒரு சொல் போதும். எனக்கு அந்தச் சொல்லை எழுதத் தகுதி போய்விட்டது. நீங்கள் அந்த வீட்டுச் சோற்றைத் தொடாதவர்கள், நீங்கள் எழுதுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. அஃப்ரினுக்கு எதை எழுதுகிறீர்களோ, அதையே எனக்கும் எழுதுங்கள்.